எடுத்த நீரும் கொடாத விடையும்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகச் சந்தைக்கு அப்பால் செம்மண் தோட்டங்களை ஊடறுத்துச் செல்லும் ஒழுங்கையொன்றில், பனையோலை வேலி சூழ்ந்த வளவுக்குள் ஒரு மாலைப்பொழுதில் நான் காலடி வைத்தபோது, கிணற்றடியில் நின்ற மூதாட்டி என் தோளில் தொங்கிய பையைக் கண்டதும், நானும் தண்ணீர் எடுத்துப்போக வந்தவர்களில் ஒருவன் என்றே எண்ணிக்கொண்டார். "தம்பி, போனமுறையும் வந்து போத்தலிலை அள்ளிக்கொண்டு போனவை. அதுக்கு முந்தியும் வந்தவை. இன்னும் ஒரு மறுமொழியும் வரேல்லை" என்றார். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. கடிதம் எழுதிப் போட்டுவிட்டுத் தபாற்காரன் வரும் வழியைப் பார்த்திருப்பவரின் பொறுமையே இருந்தது. அந்தப் பொறுமையைக் கண்டுதான் எனக்கு வெட்கம் உண்டாயிற்று.

'திறந்த விஞ்ஞானம்' என்று உலகத்துப் பண்டிதர்கள் இன்று ஒரு கொள்கையைப் பேசுகிறார்கள். ஆராய்ச்சியின் முடிவுகளும், அம்முடிவுகளுக்கு ஆதாரமான அளவீடுகளும், அவற்றைப் பெற்ற முறைகளும் பணம் கொடுத்தோர்க்கு மட்டும் திறக்கும் பெட்டகத்துள் பூட்டப்படாமல், மனிதகுலத்தின் பொதுச்சொத்தாக இருத்தல் வேண்டும் என்பது அக்கொள்கையின் சாரம். 2002ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரின் பெயரால் வெளியான ஒரு பிரகடனத்தால் வலுப்பெற்று, 2021 நவம்பரில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் 193 உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொண்ட பரிந்துரையாக வளர்ந்திருக்கும் இந்தக் கொள்கையை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆயினும் பாரிஸ் நகரத்து மண்டபத்தில் எழுதப்பட்ட அந்தச் சாசனத்தைச் சுன்னாகத்துக் கிணற்றடியில் வைத்து வாசிக்கும்பொழுது, 'திறத்தல்' என்ற சொல் யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு என்ற வினாவை உடனே எழுப்பிவிடுகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறு என்பது ஒரு வீட்டின் தனியுடைமை போலத் தோன்றினும் உண்மையில் அவ்வாறன்று. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கு இல்லை. வழுக்கியாறு என்று பெயர் பெற்றதும் மாரிகாலத்தில் மட்டும் ஓடிக் கோடையில் தன் தடத்தை வயல்களுக்குக் கொடுத்துவிட்டு மறைந்து போவது. மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கித் தங்கி நிற்க, அந்த நன்னீர், கீழே பரந்து கிடக்கும் கடல் உவர்நீரின்மீது, பாரம் குறைந்த காரணத்தினால், ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின் அதன் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது, ஒல்லாந்தரான கைபனும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த நியதி. மேலே ஓரடியை இறைத்து வீணாக்கினால் கீழே நாற்பதடியை இழக்கிறோம் என்பது அதன் மறுபக்கம். வேலி விஷயத்தில் எங்கள் ஊரவர் காட்டும் கண்டிப்பு ஊரறிந்தது. ஒரு கதியால் அரையடி தள்ளி நடப்பட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படியேறிய குடும்பங்கள் உண்டு. ஆனால் வேலிக்குக் கீழே இருக்கும் கல்லுக்கு வேலி தெரியாது. ஒருவர் வெங்காயத் தோட்டத்துக்கு இட்ட உரத்தின் நைத்திரேற்று அடுத்தவரின் குடிநீரிலும், ஒரு நிலையம் மண்ணில் சிந்தவிட்ட எண்ணெய் அயற்கிராமத்துக் கிணற்றிலும் வந்து சேர்கின்றன.

அந்த எண்ணெய்தான் இம்மூதாட்டியின் கிணற்றடிக்கு இத்தனை பேரை அழைத்து வந்தது. சுன்னாகத்து மின்னிலையச் சுற்றாடலில் கிணறுகளின்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது என்ற முறைப்பாடு எழுந்து, 2014ஆம் ஆண்டின் இறுதியிலும் 2015இன் தொடக்கத்திலும் ஜனங்கள் வீதிக்கு வந்து நின்ற நாட்கள் பலருக்கும் நினைவிருக்கும். பவுசர்களில் வந்த தண்ணீருக்காக வாளிகளும் குடங்களும் வரிசையில் வைக்கப்பட்டிருந்தன. பிள்ளைகளின் பாடசாலைப் பைகளில் விலைக்கு வாங்கிய தண்ணீர்ப் போத்தல்கள் ஏறின. ஒரு நிபுணர் குழு அச்சத்துக்கு இடமில்லை என்ற தொனியில் பேசியது. நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகளோ வேறு விதமாகப் பேசின. ஈற்றில் 2019 ஏப்ரில் மாதத்தில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற தத்துவத்தின்மேல் நின்று, அங்கே மின்னுற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நன்று. எனினும் இடைப்பட்ட அந்த ஆண்டுகளில், தன் கிணற்று நீரைக் குடிக்கலாமா கூடாதா என்ற ஒரேயொரு கேள்விக்கு விடை தேடிய குடியானவருக்கு, எந்த அறிக்கையை நம்புவது, எந்த அளவு எந்த நாளில் எந்தக் கிணற்றில் எடுக்கப்பட்டது, இரண்டு பரிசோதனைக்கூடங்களின் முடிவுகள் ஏன் முரண்பட்டன என்பவற்றைத் தானே ஒப்புநோக்கிப் பார்க்கத்தக்கவாறு, தன் மொழியில், தன் பிரதேச சபையின் அறிவித்தற் பலகையிலேனும் யாதொன்றும் தரப்பட்டிருந்தால், வதந்திக்கு அத்தனை வலிமை வந்திராது என்பது என் உறுதியான அபிப்பிராயம். மறைக்கப்பட்ட அளவீடு மெய்யாகவே இருந்தாலும், ஜனங்களின் மனத்தில் அது பொய்யின் வேலையையே செய்யும்.

இந்த இடத்தில் என் நினைவு மானிப்பாய்க்குச் செல்கிறது. சுன்னாகத்திலிருந்து அதிக தூரமில்லாத அந்த ஊரில், 1848ஆம் ஆண்டு தொடக்கம் வைத்தியம் செய்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கரின் பெயரை இன்றைக்கும் அங்குள்ள வைத்தியசாலை தாங்கி நிற்கிறது. மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822இல் பிறந்து, 25 வயதளவில் மிஷன் வைத்தியராக இங்கு வந்த அவர், ஆரம்பத்தில் தம் மாணாக்கருக்கு ஆங்கிலத்திலேயே வைத்தியம் போதித்தார். சில ஆண்டுகள் சென்றபின் அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு: ஆங்கிலத்தில் தேறியவர் உத்தியோகத்தையும் சம்பளத்தையும் நாடி வெளியூர் சென்றனர், கிராமத்து நோயாளி முன்போலவே பரியாரியின் பொட்டலத்தோடும் விதியோடும் விடப்பட்டான். ஆகவே, தாயகம் சென்று 1862இல் திரும்பி வந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கத் துணிந்தார். கற்பிப்பதற்கு நூல் வேண்டுமே! மேல்நாட்டில் அந்நாளில் மதிப்புப் பெற்றிருந்த வைத்திய சாத்திர நூல்களைத் தாமும் தம் மாணாக்கருமாகத் தமிழாக்கினார். 1857இலேயே 'பிரசவ வைத்தியம்', 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்' என்று அவை வரிசையாக அச்சேறின. 60க்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் கற்று வெளிவந்தனர். 1873இல் இந்த மண்ணை விட்டு நீங்கிய பின்னரும், அமெரிக்காவிலிருந்தவாறே தமிழ் மூலப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்து 1884இல் அவர் மறைந்தார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்ற செய்தியே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பமாயிருந்தது.

கிறீனை நான் விக்கிரகமாக்க முயலவில்லை. அவர் மதம் பரப்ப வந்த சபையின் ஊழியர்; இங்கே ஏற்கெனவே வழங்கிய சித்த வைத்திய மரபைச் சமமான சாத்திரமாக அவர் கருதினார் என்று சொல்வதற்கில்லை; தோள்கொடுத்த மாணாக்கர்களான சாப்மன், டான்போர்த் முதலியோரின் பெயர்களே மிஷன் சூட்டிய அந்நியப் பெயர்கள்தாம். இத்தனையும் அறிந்த பின்னரும், ஒரு கலைச்சொல்லை ஆக்குமுன் அதற்குத் தமிழிலே வழக்கு உண்டா என்று முதலில் தேடி, இல்லையேல் வடமொழியை நாடி, அங்கும் அகப்படாதவிடத்து மட்டும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதிய அந்த ஒழுங்கில், ஓர் அறிஞரின் மரியாதையை நான் காண்கிறேன். அறிவை வாங்குகின்றவரின் வாசற்படிவரை அதைக் கொண்டுபோய் வைக்கும் பொறுப்பு கொடுக்கின்றவருடையது என்பதை அவர் செயலால் ஒப்புக்கொண்டார். அவர் சென்றபின் அந்த வாசல் மெல்ல மூடிக்கொண்டது. 1870இல் கொழும்பில் தோன்றிய வைத்தியக் கல்லூரியின் வழியே ஆங்கிலம் வைத்தியத்தின் ஒரே மொழியாயிற்று. தமிழில் இரசாயனமும் சத்திரசிகிச்சையும் படித்த ஒரு தலைமுறை இருந்தது என்பதையே இன்றைய எங்கள் மாணவர்கள் வியப்போடு கேட்கிறார்கள்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. சிறுப்பிட்டியில் பிறந்து, 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை, வீட்டுப் பரண்களில் செல்லரித்துக் கிடந்த தொல்காப்பியத்தையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் பரிசோதித்து அச்சிட்ட பெருமையை நாம் மேடைதோறும் பேசுகிறோம். ஏட்டை வைத்திருந்தவர் கொடுத்தாலன்றிப் பிறர் காண முடியாத நூலை, விலை கொடுத்த எவரும் காணலாம் என்ற நிலைக்கு அவர் கொண்டுவந்தார். எங்கள் யாழ்ப்பாணப் பொதுநூலகமோ அதற்கும் ஒரு படி மேலே சென்று, விலை கொடுக்க இயலாதவரையும் உள்ளே அழைத்தது. க. மு. செல்லப்பா என்பவர் 1933இல் தம் வீட்டிலே தொடங்கிய சிறு வாசிப்பு முயற்சியிலிருந்து வளர்ந்து, 1959இல் புதிய மாளிகையில் குடிபுகுந்த அந்த நூலகத்துக்கு ஆலோசனை கூறியவர், சீர்காழியில் பிறந்து நூலகவியலின் ஐந்து விதிகளை உலகுக்கு அளித்த எஸ். ஆர். ரங்கநாதன். எந்த வாசகனும் தனக்குரிய நூலைக் காணாது திரும்பலாகாது, எந்த நூலும் தனக்குரிய வாசகனைக் காணாது கிடக்கலாகாது என்று 1931இலேயே வகுத்த அந்தப் பேரறிஞரின் சிந்தனை, திறந்த விஞ்ஞானம் என்று இன்று பேசப்படுவதற்கு எவ்வளவு அணுக்கமானது! 1981 மே 31ஆம் நாள் இரவு அந்த நூலகத்தில் மூட்டப்பட்ட தீயில் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏட்டுச்சுவடிகளும் ஒரேயொரு பிரதியாக எஞ்சியிருந்த பிரசுரங்களும் அதிலே அடங்கும். ஒரே இடத்தில், ஒரே பிரதியாக இருக்கும் அறிவுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதை உலகில் எந்தச் சமூகத்துக்கும் இவ்வளவு கொடிய முறையில் யாரும் போதித்திருக்க வேண்டியதில்லை.

அதன் பின்வந்த ஆண்டுகளை எழுத முற்படும்போது என் கை தயங்குகிறது. 1974 ஒக்டோபரில் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த எங்கள் பல்கலைக்கழகம், 1990இல் போர் மீண்டும் மூண்டதும் மின்சாரம் அற்ற குடாநாட்டில் தனித்து விடப்பட்டது. எரிபொருளும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட அக்காலத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கின் முன்னிருந்து நாங்கள் படித்தோம். உலகத்தின் பரிசோதனைக்கூடங்கள் இணையத்தால் பிணைக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஒரு விஞ்ஞானச் சஞ்சிகையின் பழைய இதழ் யாரோ ஒருவரின் பயணப்பையில் வந்து சேர்ந்தால் அது கைமாறிக் கைமாறி ஓரம் கிழியும்வரை வாசிக்கப்பட்டது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, எதை எடுப்பது எதை விடுவது என்று அறியாமல், பல ஆண்டுகால அளவீட்டுக் குறிப்புகளை அரிசிப் பையோடு சேர்த்துச் சைக்கிளில் கட்டிய ஆசிரியர் ஒருவரை நான் அறிவேன். அதே காலத்தில், ஒரு சொட்டுப் பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டியவரும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவரும் எங்கள் கராஜ் தொழிலாளரும் தோட்டக்காரருமே. அவர்கள் செய்ததும் பரிசோதனைதான். பிழைத்தலும் திருத்தலும் மீண்டும் முயலுதலுமாகிய அதே முறைதான்.

திறந்த விஞ்ஞானத்தோடு சேர்த்துப் பேசப்படும் 'சமத்துவம்' என்ற சொல்லை நான் இங்கிருந்தே விளங்கிக்கொள்கிறேன். ஆராய்ச்சிச் சூழல்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. மின்சாரம் நிற்காத ஊரில், நூல் நிறைந்த சாலையில், சகாக்கள் சூழ இருந்து எழுதும் ஒருவனையும், மேற்சொன்ன விளக்கின் முன்னிருந்து எழுதும் ஒருவனையும் ஒரே தராசில் நிறுக்கும் உலகம், பின்னவன் எழுதியது எண்ணிக்கையிற் குறைவு என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. திறந்த பிரசுரம் இந்த இடைவெளியைக் குறைக்கும் என்று நம்பினோம்; ஒரு வகையில் குறைத்தும் இருக்கிறது. முன்பு வாசிப்பதற்குப் பணம் கேட்ட கதவு, பல இடங்களில் இன்று வாசிப்பவருக்கு இலவசமாகத் திறக்கிறது. ஆனால் அதே பணம் இப்போது எழுதுகின்றவரிடம் கேட்கப்படுகிறது. புகழ்பெற்ற 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு கட்டுரையைத் திறந்த முறையில் வெளியிடுவதற்கு 2021இல் விதிக்கப்பட்ட கட்டணம் 9,500 யூரோ. 2022இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்த ஒரு நாட்டின் விரிவுரையாளர், தம் மாதச் சம்பளத்தை அதனோடு வைத்துக் கணக்குப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. சலுகைகள் உண்டு, விண்ணப்பித்துக் கெஞ்சிப் பெறும் சலுகை உரிமையாகாது. அயலார் எழுதியதை நாம் இலவசமாக வாசிக்கலாம், நம் மண்ணைப் பற்றி நாம் கண்டதை அவர்கள் வாசிக்க வேண்டுமாயின் நாம் பணம் கட்டவேண்டும் என்ற ஏற்பாட்டில், நம்மை என்றென்றைக்கும் வாசகராகவே வைத்திருக்கும் ஒரு நியதி மறைந்திருக்கிறது.

இலங்கைச் சஞ்சிகைகளை இணையத்தில் கட்டணமின்றித் தரும் முயற்சி 2008 முதல் நடைபெறுவதும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம் தன் ஆய்வுகளைச் சேமித்து எவரும் வாசிக்கவிடுவதும் போற்றத்தக்கன. நிலத்தடி நீரைப் பற்றிய எத்தனையோ அரிய ஆய்வுகளை நானே அங்கு வாசித்திருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதியது தவறில்லை. உலகத்தோடு பேச அது வேண்டும். ஆனால் கிணற்றின் சொந்தக்காரருக்கு அந்த ஆய்வு, எவரும் பூட்டாத கதவுக்குப் பின்னாலும் பூட்டியே கிடக்கிறது. ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுத ஓர் ஆராய்ச்சியாளருக்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளைப் பதவி உயர்வின் புள்ளிக் கணக்கில் சேர்க்க யாரும் முன்வரவில்லை என்பதுதான் இடையூறு. இதைப் பல்கலைக்கழகங்களும் மானியம் வழங்குவோரும் ஒரு கையெழுத்தால் மாற்றிவிடலாம்.

எல்லாவற்றையும் திறந்து வைப்பதே தர்மம் என்று நான் சொல்லவரவில்லை. போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஓர் உளவைத்தியரிடம் சொன்ன சொல், ஆராய்ச்சித் தரவு என்ற பெயரில் ஊர் கடந்து நாடு கடந்து செல்லலாகாது. அதைத் திறப்பதற்கான சாவி அவரிடமே இருக்க வேண்டும். கிணற்றிலும் இந்தச் சங்கடம் உண்டு. இன்ன வளவின் நீர் கெட்டது என்று பகிரங்கமாகப் பலகையில் எழுதினால், மகளுக்குச் சீதனமாக அந்தக் காணியை எழுதிவைத்திருக்கும் தகப்பன் என்ன செய்வார்? ஆகவே வீட்டுக்காரருக்கு அவருடைய விடை முழுமையாகவும், ஊருக்குக் குறிச்சியளவில் தொகுத்த விடையும் என்று பிரித்துக் கொடுக்கும் நுட்பம் வேண்டும். இத்தகைய வரம்புகளை வகுக்கும்போது கேட்கப்படவேண்டியவர்கள் அவ்வூரவரே.

அறிவைத் திறந்துவைக்கும் விஷயத்தில் எனக்கு மெய்யான நம்பிக்கையைத் தருவது, 2005இல் சில இளைஞர்கள் ஊதியம் கருதாது தொடங்கிய நூலகத் திட்டம். சுவிற்சர்லாந்திலிருந்த தமிழ் விஞ்ஞானி கல்யாணசுந்தரம் 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களுக்குச் செய்ததை, ஈழத்து எழுத்து முழுவதற்கும் செய்யத் துணிந்த இவர்கள், பத்திரிகை, பாடநூல், சங்க அறிக்கை, கோயில் மலர் என்று எதையும் சிறிதென்று ஒதுக்காமல் மின்படியாக்கி உலகெங்கும் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறார்கள். இறந்தவருக்கு முப்பத்தோராம் நாளில் வெளியிடும் 'கல்வெட்டு' என்னும் நினைவு மலரையும் அவர்கள் தள்ளிவிடவில்லை. ஒரு குடும்பத்தின் பூர்வீகமும், இடப்பெயர்வும், தொழிலும், சில வேளைகளில் ஒரு பரியாரியின் கைமருந்துக் குறிப்பும்கூட அந்த மெல்லிய மலர்களில் அகப்படுவதை நான் கண்டிருக்கிறேன். எது ஆராய்ச்சிக்கு உரியது என்று தீர்மானிக்கும் உரிமை தூரத்துப் பேராசிரியரிடமிருந்து ஒழுங்கை முகப்புக்கு வந்து சேர்ந்ததை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் நான் காணவில்லை. 1981இன் தீக்கு இரையானவற்றை எவரும் மீட்கமுடியாது. ஆயினும் இப்பொழுது ஒரு நூலை எரிக்க வேண்டுமாயின் உலகத்தின் பல மூலைகளிலும் ஏககாலத்தில் எரிக்கவேண்டியிருக்கும்.

அன்றைய மாலையில் நான் நீர் எடுக்கவில்லை. என்னிடம் போத்தலும் இல்லை. அந்தத் தகுதியும் இல்லை. பேசிக்கொண்டிருக்கையில் அந்த மூதாட்டி, எந்த மாதத்தில் கிணற்றுக் கயிறு எத்தனை முழம் இறங்கும், பங்குனி கடந்தபின் எந்த அளவுக்கு மேல் இறைத்தால் நீரில் உவர் தட்டும், மோட்டர் பூட்டுவதற்கு முன்பு துலாவால் இறைத்த காலத்தில் அந்த எல்லை எங்கே இருந்தது, அயல் வளவுக் கிணறு ஏன் தம்முடையதைவிட முந்தி வற்றும் என்பவற்றை, ஐம்பது வருடத்து நினைவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். நீர் அள்ளிச் சென்றவர்கள் இவற்றைக் கேட்டார்களா என்று வினவினேன். "ஆர் கேட்டவை?" என்றார். நான் என் கொப்பியை எடுத்து, அவர் சொன்னவற்றை மாதவாரியாக எழுதி, வாசித்துக் காட்டி, அவர் இரண்டு இடங்களில் திருத்தியதையும் சேர்த்து, அவர் கேட்டுக்கொண்டபடி இன்னொரு தாளில் பெரிய எழுத்தில் பிரதி செய்து கொடுத்தேன். காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப்பத்திரங்களும் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, அவற்றின்மேல் அந்தத் தாளை மடியாமல் விரித்து வைத்தார்.